மெம்கிட்ட குடுங்க

என் துணைவி கார்லைனுக்கு இடுப்புவலி எடுக்கும் வரை நான் அடித்த பீற்றல் கொஞ்சநஞ்சமில்லை. டச்சு நாட்டின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் மாட்டுப்பண்ணையில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கயிறு கட்டிக் கன்றுக்குட்டி இழுத்தவள். "பிரசவமெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்று சொல்லிச் சொல்லியே அவள் காதில் ரத்தம் வரவழைத்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, "இங்க வெட்டுங்க" என்று தொப்புள்கொடியைக் காட்டினாள். வெட்டினேன். நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து நான் பார்த்தது கூரையில் இருந்த விளக்கு.

நாங்கள் போட்டிருந்த திட்டமே வேறு. கார்லைனுக்குத் தையல் போடும் நேரத்தில் குழந்தை என் வெற்று மார்பில் கிடக்க வேண்டும். ஒன்பது மாதம் அவளுக்குள் இருந்த பிள்ளை, வெளியே வந்ததும் என் வாசனையை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றைத்தான் நான் கேட்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மேல் கிடந்தது ஒரு ஈரத்துண்டு. யாரோ ஒரு பயிற்சி நர்ஸ் என் வாயில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் தையலோடு தையலாக எங்கள் மகள் ஃபென்னா கார்லைனின் மேல் படுத்து, வந்த வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் என் கையில் வந்தால் அழுகைதான். சும்மா சிணுங்கல் இல்லை, தீயணைப்பு வண்டி. தொப்பென்று விழுந்தவள் இவள்தான் என்று பிள்ளை குறித்து வைத்துக்கொண்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நான் சுமக்கவில்லை, பெறவில்லை, பால் இல்லை. அவளுக்கு என்னை எதற்காகத் தெரிய வேண்டும்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே விறைப்பாகத்தான் திரிந்தேன்.

எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளை பெறாதவளுக்கு இந்த நாட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'கூட-அம்மா.' சட்டத்தில் அதுதான், ஆஸ்பத்திரிக் கதவில் அதுதான், வாழ்த்து அட்டையிலும் அதுதான். கூடமாட ஒத்தாசைக்கு வந்தவள் மாதிரி. சைக்கிளுக்குப் பின்னால் கட்டிய கூடை மாதிரி. அந்த வார்த்தை என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கார்லைன் மாசமாக இருக்கும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் பேச்சில் அம்மாவுக்கு 'மெம்' என்று பெயர். என் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆகவே கார்லைன் மம்மா, நான் மெம். பிள்ளை பிறந்த நிமிஷத்திலிருந்து ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. வாய் தவறினால் அடுத்த டயபர் தவறியவள் பொறுப்பு.

"ஆனா ஹிஸ்கே, இங்க மெம்னா என்னன்னு உனக்கே தெரியும்ல?" என்றாள் கார்லைன்.

தெரியும். டச்சுக்காரர்களின் கொச்சையில் மெம் என்றால் முலை. பதினெட்டு வயதில் உட்ரெக்டுக்குப் படிக்க வந்த முதல் வாரம், "நாளைக்கு எங்க மெம் வர்றாங்க" என்று விடுதிச் சமையலறையில் சொன்னேன். "தனியாவா வர்றாங்க, ஜோடியாவா?" என்று ஒருவன் கேட்டான். படிப்பு முடியும் வரை அதுவே என் பட்டப்பெயர். ஆனால் ஒரு மொழியின் அம்மாவை இன்னொரு மொழியின் பொறுக்கிகளுக்காக விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கார்லைனும் பழகிவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் அந்த இன்னொரு அர்த்தம் செத்தே போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள் காலையில் கெர்டின் வந்தார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு வாரம் நர்ஸ் வருவது இங்கே வழக்கம். பெற்றவளையும் பிள்ளையையும் பார்ப்பார், கக்கூஸ் கழுவுவார், விருந்தாளிகளை விரட்டுவார். கெர்டினுக்கு அறுபதை நெருங்கும் வயது. ஊர், காட்டோரத்தில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக்கூட எடுக்காத ஒரு சர்ச் ஊர். கணுக்கால் வரை பாவாடை. அதைக் கண்டதும் எனக்குக் கை பரபரத்தது. இப்படி ஒருத்தர் வருவார் என்று மாதக்கணக்காக ஒரு சண்டைப் பிரசங்கம் தயார் பண்ணி வைத்திருந்தேன். சட்டம், மனித உரிமை, ஏசு எங்கேயாவது இதைப் பற்றி வாய் திறந்தாரா என்பது வரை எல்லாம் அதில் உண்டு.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். படுக்கையறைக்குப் போனார். கட்டிலைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"கட்டில் ஒசரம் பத்தாது. கட்டை எங்க?"

"என்ன கட்டை?"

"கட்டிலுக்கு அடியில வெக்கிற கட்டை. ஏழு நாளு குனிஞ்சு குனிஞ்சு பாத்தா என் முதுகு என்னத்துக்கு ஆகும்? வாடகைக்கு எடுக்கச் சொல்லி ஃபோன்ல சொன்னாங்களே."

சொன்னார்கள். நான் அப்போது பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஹெங்கிடம் ஓடி நாலு காலி பீர் பெட்டி வாங்கி வந்தேன். கட்டில் அதன் மேல் ஏறி நின்றது. கார்லைன் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும் போல ஆகிவிட்டது.

"நாங்க ரெண்டு பொம்பளைங்க" என்றேன், சண்டையை நானாவது ஆரம்பித்து வைக்கலாம் என்று.

"தெரியுதே" என்றார் கெர்டின். "நல்லதாப் போச்சு. ஒருத்தர் துணி தொவைங்க."

பிரசங்கம் அப்படியே தொண்டையில் புளித்துப்போனது.

ஆனால் அன்று மத்தியானமே எனக்குப் புரிந்துவிட்டது, இது சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும் ரகம் என்று. கார்லைனின் காம்பு இரண்டும் வெடித்திருந்தன. ஃபென்னா பால் குடித்து முடித்த பிறகும் கத்திக்கொண்டிருந்தாள். கார்லைன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், "கெர்டின், அவள மெம்கிட்ட குடுங்க. நான் கொஞ்சம் தூங்கறேன்."

நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். கெர்டின் பிள்ளையோடு என்னைத் தாண்டிப் போனார். கார்லைனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நைட்டியைத் திறந்து, பிள்ளையை மறுபடியும் அவள் மாரில் வைத்தார்.

"படுத்துக்கிட்டே குடுக்கலாம்மா. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க."

கார்லைன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நர்ஸுக்குத் தெரியாததா என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் திரைச்சீலையைச் சரிசெய்தேன்.

மறுநாளும் இதே கதை. குளிப்பாட்டிய பிள்ளையை நானே எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். சைரன் ஆரம்பித்தது. "யாரு வேணும் என் தங்கத்துக்கு? மெம்மா? மெம் வேணுமா?" என்று ஆட்டினேன்.

பின்னாலிருந்து கெர்டின் வந்தார். "அதத்தான கேக்குறா, நீங்களே சொல்றீங்களே" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராகக் கார்லைனிடம் போனார். என் மூஞ்சிக்கு நேரே. எவ்வளவு திண்ணக்கம் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பீர் பெட்டி என்ன ஆயிற்று என்று பார்க்கிற சாக்கில் ஹெங்க் வந்தான். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி மேலே சோம்பு மிட்டாய் தூவிக் கொடுப்போம். அந்த மிட்டாய்க்கு எலிக்குட்டி என்று பெயர். பெண் என்பதால் ரோஸும் வெள்ளையுமாக எலிக்குட்டிகள். ஹெங்க் கால்சட்டையெல்லாம் எலிக்குட்டி உதிர மென்றுகொண்டே, இந்தத் தெருவே கேட்கத் துடித்த கேள்வியைக் கேட்டான்.

"ஆமா, அப்பா யாரு?"

"டென்மார்க்லேர்ந்து பாட்டில்ல வந்தவன்" என்றேன். "நீச்சல் நல்லா வரும்."

அவன் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் உன்னாட்டமே இருக்கு ஹிஸ்கே" என்றான். மரபணு என்றால் என்னவென்று தெரியாத மடையன். எனக்குப் பொலபொலவென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. அவனுக்கு இன்னொரு ரஸ்க் கொடுத்தேன்.

"மெம்மப் பாருங்க" என்று கார்லைன் கட்டிலிலிருந்து சிரித்தாள். "எதுக்கெடுத்தாலும் ஊத்துது."

"ஊத்தட்டும்மா" என்றார் கெர்டின், துண்டு மடித்துக்கொண்டே. "ஊத்தாம இருந்தாத்தான் கவலைப்படணும்." ஹெங்குக்கு முன்னால் அந்தப் பேச்சு பேசியதற்காகவோ என்னவோ, அவர் காது நுனி சிவந்திருந்தது. என் கண்ணீரைப் பற்றி இவர் என்ன தீர்ப்பு சொல்வது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளி இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது, வயிற்றைப் பிடித்துவிடும்.

இப்படியே போனது. கார்லைன் 'மெம்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை என்னைவிட்டு விலகிப் போனது. கெர்டின் என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை, சர்ச்சுக்கு வா என்று சொல்லவில்லை. காபி போட்டால் நல்லா இருக்கு என்றார். துணி காயப்போட்டால் நன்றி என்றார். பிள்ளையை மட்டும் தரவில்லை. நான் எதிர்பார்த்த அவமதிப்புதான் இவ்வளவு மரியாதையாக வருகிறது என்று நினைத்தேன். வாரம் முடிந்து இவர் போய்விடுவார். அதற்குள் ஃபென்னாவுக்குப் பழகிவிடும், நான் துணி துவைக்கிறவள் என்று.

ஐந்தாம் நாள் காலையில் கீழே சமையலறையில் ரஸ்க் தடவி, தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எங்கள் வீட்டுப் படி செங்குத்து. பாதியில் மூச்சு வாங்க நின்றபோது, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கெர்டினின் குரல் கேட்டது.

"மெம் சுத்தமா சரியில்லம்மா. நானும் வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். பிள்ள கிட்ட வந்தாலே வெறைச்சுக்குது. இன்னிக்குப் பூரா பிள்ளைய அதுகிட்ட விடவே கூடாது."

அது. 'அவ' கூட இல்லை, 'அது'.

கார்லைன் எனக்காகப் பாயப்போகிறாள் என்று காத்திருந்தேன். என் கார்லைன். என்னோடு எட்டு வருஷம் ஒரே போர்வைக்குச் சண்டை போட்டவள்.

"எனக்கும் அதான் தோணுது" என்றாள் அவள். குரல் அழுதுகொண்டிருந்தது. "பாவம், அதுவும் என்ன பண்ணும்?"

"ஒண்ணாவது உருப்படியா இருக்கே, அத நெனச்சு மனசத் தேத்திக்கங்க. அந்த இன்னொண்ண ஒரு நாள் ஒதுக்கி வெச்சாத் தானா வழிக்கு வந்துடும்."

உள்ளே எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கதவு சுவரில் மோதியது. தட்டு சாய்ந்து எலிக்குட்டிகள் தரையெங்கும் ஓடின.

"ஒதுக்கி வெப்பீங்களோ?" என்றேன். "என் வீட்டுல, என் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, என்ன ஒதுக்கி வெப்பீங்களோ? அஞ்சு நாளா பாக்குறேன். மெம்கிட்ட குடுங்க மெம்கிட்ட குடுங்கன்னு அவ தொண்ட வறளக் கத்துறா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ குடுத்தீங்களா?"

கெர்டின் திறந்த வாயோடு நின்றார். "ஒரு தடவையா? மணிக்கு ஒரு தடவ குடுக்குறேனே. குடுத்துக் குடுத்துத்தான அது புண்ணாப் போச்சு."

"யாரு புண்ணாப் போச்சு?"

"மெம்."

"நான்தான் மெம்!"

கெர்டின் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தன்னையறியாமல், என் சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவசரமாக ஜன்னலைப் பார்த்தார்.

"உங்களுக்கும் வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டார்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கார்லைன் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். "ஐயோ சிரிக்க வெக்காதீங்கடி" என்றாள் தலையணைக்குள்ளிருந்து, "தையல் பிரியுது." பீர் பெட்டிகள் கடகடவென்று ஆடின. அவள் திறந்த நைட்டிக்குள் இடது பக்கம் செக்கச்செவேலென்று கல்லாய் இருந்தது. அந்த 'அது' அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கார்லைன் மூச்சு விட்டு விட்டு விளக்கினாள். ஃப்ரீஸ்லாந்தில் மெம் என்றால் அம்மா என்று. கெர்டின் கட்டிலோர நாற்காலியில், அதாவது நாங்கள் துணி போடும் நாற்காலியில், துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் ரோஸ் எலிக்குட்டி நிறத்துக்கு வந்தது.

"நான் என்னென்னமோ நெனச்சேன்" என்றார். "பட்டணத்துப் பொண்ணுங்க, இப்படித்தான் பச்சையாப் பேசுவாங்க போலன்னு. அந்த ஹெங்க் முன்னாடி நீங்க 'மெம்மப் பாருங்க, ஊத்துது'ன்னப்போ எனக்குப் பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. போற வீட்டுக்காரங்க பேச்சுலயே நாமளும் பேசணும்னு எங்க பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க. நானும் கஷ்டப்பட்டு அந்த வார்த்தையச் சொல்லப் பழகினேன். வீட்டுக்குப் போற வழியில மன்னிப்புக் கேட்டுக்குவேன்."

"யார்கிட்ட?"

அவர் கூரையைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும், இப்போது யாரிடம் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்போது எனக்கு வந்தது வேறு. அஞ்சு நாளாக நான் தாங்கிப் பிடித்திருந்த கோபத்துக்குக் காலே இல்லை என்று ஆகிவிட்டது. அது சரிந்ததும், அதற்குப் பின்னால் இருந்த பயம் வெளியே வந்துவிட்டது.

"அவளுக்கு என்னத் தெரியாது" என்றேன். "எங்கிட்ட வந்தா அழுவுறா. உங்க மேல தப்பில்ல. நீங்க குடுத்திருந்தாலும் அழுதிருப்பா."

தொட்டிலில் ஃபென்னா உறுமத் தொடங்கினாள், சைரனுக்கு முந்தைய இருமல்.

கெர்டின் எழுந்தார். கையைக் கழுவினார். "சட்டையக் கழட்டுங்க" என்றார்.

"எதுக்கு?"

"இன்னிக்கு இவங்க மாருக்கு ஓய்வு. பால் கறந்துதான் ஊட்டணும். பிள்ளைய எங்க போடுறது, தரையிலயா? சூட்டோட சூடா யாரு மேலயாவது கெடக்கணும். ஏறிப் படுங்க. மயக்கம் வந்தா முன்னாடியே சொல்லிடுங்க."

அந்தச் சமாச்சாரத்தை இவருக்கு யார் சொன்னது என்று கார்லைனைப் பார்த்தேன். அவள் போர்வையைப் பார்த்தாள்.

நான் பீர் பெட்டிகளின் மேல் ஏறிப் படுத்தேன். கெர்டின் ஃபென்னாவின் உடுப்பைக் கழற்றி டயபரோடு என் நெஞ்சில் வைத்தார். எதிர்பார்த்தபடியே அவள் வீட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். முகம் கத்தரிக்காய் நிறமானது. எடுத்துடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் கத்துவதை நிறுத்தாமலே தலையைத் தூக்கினாள். முட்டினாள். இந்தப் பக்கம் முட்டினாள், அந்தப் பக்கம் முட்டினாள். கழுத்து நிற்காத அந்தத் தலையை வைத்துக்கொண்டு, குருட்டாம்போக்கில் கீழே கீழே ஊர்ந்து போய், என் வலது பக்கம் கவ்விக்கொண்டாள்.

சத்தம் நின்றது.

சின்ன வயதில் கன்றுக்குட்டி வாயில் விரலைக் கொடுத்திருக்கிறேன். அதே வலு. கண்ணில் நீர் தெறிக்கிற வலி. "அங்க ஒண்ணும் இல்லடி" என்று அவளிடம் சொன்னேன். "கடை காலிடி, கண்ணு." அவள் நிறுத்தவில்லை. ஒரு கையை விரித்து என் மேல் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாததை மும்முரமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

கெர்டின் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு வந்தார், வாயோரத்தில் விட்டு விடுவிக்க. "பால் இல்லாத எடத்துல விடக்கூடாதும்மா, பிள்ள ஏமாந்துடும்."

"விடுங்க கெர்டின்" என்றாள் கார்லைன். "மெம்கிட்டதான இருக்கா."

அவர் விரல் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். எந்த மெம் என்று அவர் கேட்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக் குனிந்து, தரையில் கிடந்த எலிக்குட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.